நீதவான் அனுப்பும் சிகிச்சை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ போதைப்பொருளோடு பிடிபடுபவர் மீது இரண்டு சட்டங்களில் ஒன்று பாயலாம். 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் தண்டிப்பதற்கானது. 2022இல் அதைத் திருத்திய பின், ஐஸ் போதைப்பொருள் 5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. (1976க்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு கதை.) 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமோ, போதைக்கு அடிமைப்பட்டவரை நோயாளியாகப் பார்க்கச் சொல்கிறது. தானாக முன்வருபவருக்குச் சிகிச்சை. பொலிஸார் பிடித்தவரையும், அவர் அடிமைப்பட்டவர் என்று அரச மருத்துவர் சான்றளித்தால், நீதவான் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

இதன் பயனை மறுக்க முடியாது. தூள் பாவித்த பெடியன் மறியலுக்குப் போய் வியாபாரிகளோடு பழகித் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். தனியார் சிகிச்சைக்குக் காசு கட்ட முடியாத கூலிக் குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் நோயாளியின் சம்மதம் எங்கே? சான்றளிக்கும் மருத்துவருக்கும், எப்போதாவது பாவிப்பவரையும் அடிமைப்பட்டவரையும் பிரித்தறிய நேரமும் உளமருத்துவப் பயிற்சியும் வேண்டும். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் இரண்டும் கிடைப்பது அரிது. அனுப்பப்படும் இடங்களில் ஒன்றான பொலன்னறுவை கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் இராணுவத்தினரின் மேற்பார்வையில் நடந்தது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். சிகிச்சை பிடிக்காமல் ஓடினார்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

வன்னிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கந்தக்காடு நிலையத்தை நடத்தும் புனர்வாழ்வுப் பணியகம்தான் 2009க்குப் பின் முன்னாள் போராளிகளையும் வைத்திருந்தது; அவர்கள் வைக்கப்பட்டிருந்த வவுனியா பூந்தோட்டத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தப் பணியகத்துக்காக 2022இல் வந்த சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் போதைக்கு அடிமையானவர்களையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே, திருத்தங்களோடு 2023இன் 2ஆம் இலக்கச் சட்டமானது. அதே ஆண்டு டிசம்பரில் பொலிஸாரின் 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்புச் சுற்றிவளைப்புகள் தொடங்கின. அடுத்த மாதமே அவற்றை நிறுத்தச் சொன்னார்கள் ஐ.நா. நிபுணர்கள். சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்த ஒரு தாய், தன் பிள்ளையைத் தானே கூட்டிப்போய் ஒப்படைப்பாளா? சட்டத்தின் ஆகச் சிறந்த பகுதியான சுயவிருப்பச் சிகிச்சை வன்னியில் பெருமளவு ஏட்டளவில் நிற்பது இந்தப் பயத்தால்தான் என்பேன். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளைப் பலப்படுத்தாமல் நீதவானின் கட்டளையை மட்டும் நம்புவது பிழையான ஒழுங்கு.

அனுப்பப்படுபவரின் உரிமை மீறப்பட்டால் என்ன செய்வது? சுகாதாரம் நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையும், சமத்துவத்துக்கான 12ஆம் உறுப்புரையும், கைதுக்கான காரணத்தை அறியும் உரிமைக்கான 13ஆம் உறுப்புரையும்தான் கைக்கு எட்டுபவை. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். முல்லைத்தீவுக் குடும்பத்துக்கு அது சாத்தியமா? அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. அதன் அலுவலகம் வவுனியாவிலேயே உண்டு. வீட்டில் யாராவது பிடிபட்டால், புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட விடாதீர்கள். மருத்துவச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.