ஆப்பைப் பிடுங்கிய ரம்பம்: முதல் டேபிள் சா ஆலோசனைகளைப் பற்றி

ஒரு டீப்பாய், ஒரு புத்தக அலமாரி, முடிஞ்சா ஒரு ஊஞ்சல் பலகை. இதையெல்லாம் சொந்தக் கையால் செய்து பார்க்கலாம் என்று திருநெல்வேலியில் ஒருவர் கிளம்பினால், சில வாரங்களிலேயே அவர் வந்து நிற்கும் கேள்வி: எந்த டேபிள் சா வாங்குவது? நாலடி தேக்குப் பலகையைக் கைரம்பத்தால் நீளவாக்கில் ஒருமுறை அறுத்துப் பார்த்தவருக்கு, இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பதில்கள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்று அமெரிக்கப் பதில். முதலில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய சா, அப்புறம் கொஞ்சம் கனமான காண்ட்ராக்டர் சா, கடைசியில் வார்ப்பிரும்பு மேசையோடு கேபினட் சா என்று ஏணிப்படி மாதிரி ஒரு வரிசை. இன்னொன்று நம்மூர்ப் பதில். எதுக்கு சார் அவ்வளவு காசு, மார்பிள் கட்டரை வாங்கி ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டுங்க, டேபிள் சா ரெடி. இரண்டு தரப்பையும் சில வருடமாக வாசித்தும் பார்த்தும் வருகிறேன். இரண்டிலும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கு. ஆனால் நம்ம பக்கத்து மரத்தை இயந்திரத்தில் தள்ளும்போது எது முதலில் முக்கியமோ, அதை இரண்டுமே போகிற போக்கில் கடந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை.

மரத்திலிருந்தே தொடங்கலாம், ஏன்னா ஆலோசனை சொல்கிறவர்கள் யாரும் அங்கிருந்து தொடங்குவதில்லை. அமெரிக்கப் புத்தகங்களில் வரும் மரம் பெரும்பாலும் சூளையில் உலர்த்தி, இழைத்து, மட்டமாகக் கடைக்கு வந்த மரம். வாங்கி வந்து அப்படியே மேசையில் வைத்துத் தள்ளலாம். தாமிரபரணிக் கரையில் நமக்குக் கிடைப்பது வேறு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தேக்கு ஒரு பக்கம். செங்கோட்டைப் பக்கத்து அறுவை மில்களில் கிடைக்கும் மரம் இன்னொரு பக்கம். இதெல்லாம் கன அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. ஹாபியாகச் செய்பவருக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஓசி மரம்தான்: வீடு கட்ட வெட்டிய வேம்பு, வாய்க்கால் ஓரத்துப் பூவரசு, காற்றில் சாய்ந்த வாகை, இடித்த வீட்டின் பழைய உத்தரம். (மலையில் மரம் நிறைய இருக்கிறது. ஆனால் அது 1988-இலிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் நினைப்பே வேண்டாம்.)

இந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு. சாய்ந்து வளர்ந்த மரமும், அவசரமாகக் காய்ந்த மரமும் உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கும். நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்ததும் அந்த விசை விடுபடும். சில பலகை அறுத்த இடத்தில் விரியும், சில பலகை சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். மூடினால், சுற்றுகிற பிளேடின் பின்பக்கத்தை அது இறுகக் கவ்வும். பின்பக்கப் பற்கள் கீழேயிருந்து மேலேறி, நம்மை நோக்கி வருபவை. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பலகையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து எறியும். கிக்பேக் என்கிறார்கள். மரத்தைப் பிடித்திருந்த கை சில சமயம் மரத்தோடு சேர்ந்து பிளேடு பக்கம் இழுபடும். அது இன்னும் மோசம்.

இதை எனக்கு ஒரே வரியில் சொன்னவர் மரக்கடை அண்ணாச்சி ஒருத்தர்: "மரம் வாயை மூடும்லா சார், ஆப்பு வச்சுக்கிட்டேதான் போணும்." அவர் சொன்னது இயந்திரத்தைப் பற்றி அல்ல. இரண்டு பேர் மேலும் கீழுமாக நின்று பெரிய ரம்பத்தால் அடிமரத்தைப் பலகையாக அறுத்த காலத்தைப் பற்றி. அறுத்த இடம் மூடாமலிருக்க அதில் ஆப்பு அடித்துக்கொண்டே முன்னேறுவார்கள். ஆப்பசைத்த குரங்கு என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோமே, பஞ்சதந்திரத்துக் குரங்கு, அது பிடுங்கியது இந்த ஆப்பைத்தான். பாதி அறுத்த மரத்தின் வாயில் இருந்த ஆப்பை. பிடுங்கியதும் மரம் வாயை மூடியது.

டேபிள் சாவில் அந்த ஆப்புக்குப் பெயர் ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டி, அதே நேர்கோட்டில் நிற்கும் ஒரு சிறு இரும்புத் தகடு. பிளேடு ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும், சாய்ந்தால் சாயும். அறுத்த வாய்க்குள் நுழைந்து அதை மூடவிடாமல் வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்டனில் 1922-இல் வந்த மரவேலை இயந்திர விதிமுறைகளிலேயே வட்ட ரம்பத்துக்கு ரைவிங் நைஃப் கட்டாயம். நம் நாட்டிலும் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் அது வந்துவிட்டது. அமெரிக்காவிலோ, புதிதாக வடிவமைக்கும் டேபிள் சாக்களில் அது இருந்தே ஆக வேண்டும் என்று தரநிர்ணயம் சொன்னது 2008-இல்தான்.

அதுவரை அங்கே என்ன இருந்தது? பிளேடு மூடியும், வாயைப் பிரிக்கும் தகடும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு அமைப்பு. பலகையில் பள்ளம் மட்டும் போடுவது போன்ற வேலைகளுக்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதைத் திருப்பி மாட்டுவது எரிச்சல் பிடித்த வேலை. ஆகவே பலர் மாட்டவே இல்லை. அந்தக் காலப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் வெறும் பிளேடு நிற்கும் படங்களைப் பார்க்கலாம், கீழே சின்ன எழுத்தில், தெளிவாகத் தெரிவதற்காக மூடி கழற்றப்பட்டது என்று ஒரு குறிப்போடு. நான் மென்பொருள் ஆள். பிழை கையாளும் பகுதியை விட்டுவிட்டு, இது உதாரணம்தானே என்று எழுதி வைத்த கோட் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். படமும் அப்படித்தான். பார்க்கிறவன் குறிப்பைக் கற்றுக்கொள்வதில்லை, படத்தைத்தான் கற்றுக்கொள்கிறான்.

இனி நம்மூர்ப் பதில். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஒரு நல்ல டேபிள் சா சில பத்தாயிரங்கள் ஆகும் இடத்தில், சில ஆயிரத்துக்கு ஒரு கட்டரை வாங்கி, மீந்த பிளைவுட்டில் மேசை செய்து, தினமும் அதில் வேலை பார்த்துச் சாப்பிடுகிற ஆசாரிகள் இருக்கிறார்கள். மோட்டார் எங்கும் கிடைக்கும், கார்பன் பிரஷ் தெருமுனையில் கிடைக்கும், பழுதானால் பாளையங்கோட்டையிலேயே சரிசெய்துவிடலாம். இந்தப் புத்திசாலித்தனத்தை மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 110 மி.மீ. சக்கரம், நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் பல்லின் வேகம் நொடிக்கு 69 மீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. சின்ன மெஷின்தானே என்று நினைக்கிற கட்டரின் பல், பெரிய டேபிள் சாவின் பல்லைவிட வேகமாக ஓடுகிறது! கல்லை அறுக்கும் வைரச் சக்கரத்துக்குப் பல் கிடையாது, மரத்தைக் கவ்வி எறிய அதனால் முடியாது. அந்த இடத்தில் பல் வைத்த மர பிளேடை மாட்டும்போது அது வேறு மெஷின். பிளேடின் மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்ச சுற்று எண்ணை, வாங்கும்போது யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

தலைகீழாக மாட்டியதும் கட்டரின் சொந்த மூடி மேசைக்கு அடியில் போய்விடுகிறது. ரைவிங் நைஃப் கிடையாது. சுவிட்சை ஆனிலேயே பூட்டிவிட்டு, பிளக்பாயிண்டில் போட்டு அணைக்கிறார்கள். இங்கேதான் கரண்ட் உள்ளே வருகிறது. வேலை நடுவில் கரண்ட் போய்விட்டது. பலகையை எடுக்கக் குனிகிறீர்கள், அல்லது பிளேடில் ஒட்டிய சிம்பைத் தட்டிவிடக் கை போகிறது. கரண்ட் வருகிறது. பூட்டிய சுவிட்ச் தன் வேலையைச் செய்யும். நல்ல டேபிள் சாக்களில் நோ-வோல்ட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். அமெரிக்க விமர்சனங்களில் பல இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவர்களுக்கு அது தினசரிப் பிரச்சினை இல்லை. நமக்கு மழைக்காலத்து நாலு மணிக்கு அதுதான் முதல் பிரச்சினை.

மேற்படி தொழிற்சாலை விதிகளைக் காட்டி ஆறுதல் அடையவும் முடியாது. 1948 சட்டத்தின் பொதுக் கணக்கு, மின்சாரம் உள்ள இடத்தில் 10 தொழிலாளர் என்று இருந்தது. மூன்று பேர் வேலை பார்க்கும் ஆசாரி பட்டறை அதில் வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் மெஷின் வைத்திருக்கும் ஐ.டி. ஆள் வரவே மாட்டார்.

சாஸ்டாப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஸ்டீவ் காஸ், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர், 1999-இல் யோசித்த ஏற்பாடு. பிளேடில் ஒரு மெல்லிய மின்சமிக்ஞை ஓடும். விரல் தொட்டால் சமிக்ஞை மாறும், ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வும். 5 மில்லிநொடி. 4,000 சுற்று வேகத்தில் அது மூன்றில் ஒரு சுற்றுதான். பெரிய கம்பெனிகள் உரிமம் வாங்க முன்வராததால் அவர்களே தயாரித்து, 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் டேபிள் சா விபத்தில் அவசர சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30,000 என்று அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே மதிப்பிடும்போது, அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது இல்லாத சாவைத் தொடாதே என்று நம்மூர்க்காரருக்குச் சொல்வது, கார் வாங்க வந்தவரிடம் விமானம் பாதுகாப்பானது என்பது மாதிரி. ஒருமுறை பாய்ந்தால் கட்டையையும், பெரும்பாலும் பிளேடையும் மாற்ற வேண்டும். ஈர மரம் அதை ஏமாற்றிவிடும், ஐப்பசியில் நம்ம வேம்பு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரியும்தானே. முக்கியமாக, அது விரல் பிளேடைத் தொட்டதைத்தான் கவனிக்கும். பலகை எகிறி அடிப்பதை அது தடுப்பதில்லை. அதற்கு அந்த மெஷினிலும் ரைவிங் நைஃப்தான் இருக்கிறது.

அப்போ எதை வாங்குவது? போஷ், டிவால்ட், மக்கீட்டா மூன்றும் இந்தியாவில் விற்கும் 10 அங்குல சிறிய சாக்கள், மோட்டார் 1,500 முதல் 2,000 வாட்டுக்குள், ஒரு ஹாபி ஆளின் மேசை நாற்காலிக்குத் தாராளம். அவற்றுக்குள் வாட்டை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் மெஷினை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகச் சொல்லுங்கள். தானாக ஓடினால் வெளியே வந்துவிடுங்கள். ரைவிங் நைஃப் பிளேடோடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபென்ஸ், அதாவது மரத்தைச் சாய்த்துத் தள்ளும் பக்கச் சட்டம். பூட்டிய பின் பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் அதற்குள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால், ஆப்பு இருந்தும் மரம் இறுகும்.

மேம்படுத்துவது என்றால் அடுத்த மெஷின் என்று அர்த்தமில்லை. கேபினட் சா ஏணியில் ஏறுவதற்கு முன்னால் பிளேடை மாற்றுங்கள். கூட வரும் பிளேடு எல்லா வேலைக்கும் சுமார். நீளவாக்கு அறுப்புக்கு 24 பல், குறுக்கு அறுப்புக்கும் பிளைவுட்டுக்கும் 60 பல் என்று இரண்டு நல்ல பிளேடு போதும். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, எச்சரிக்கை. நடுத்துளை 25.4 மி.மீ.யும் உண்டு, 30 மி.மீ.யும் உண்டு, மெஷினைப் பார்த்து வாங்க வேண்டும். அதைவிட முக்கியம் தடிமன். பிளேடின் உடல், ரைவிங் நைஃப்பைவிட மெலிதாக இருக்க வேண்டும். பல் வெட்டும் அகலம், நைஃப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பாரம் குறையும் என்று ரொம்ப மெல்லிய பிளேடை வாங்கி மாட்டினால், வெட்டிய வாய்க்குள் நைஃப் நுழையாது. பலகை பாதியில் நின்றுவிடும். அப்புறம் எல்லோரும் செய்வது ஒன்றுதான், நைஃப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். குரங்கு வேலை.

விரலுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு தள்ளுகட்டை எப்போதும் வேண்டும், மீந்த பிளைவுட்டில் பத்து நிமிடத்தில் வெட்டிக்கொள்ளலாம். ரைவிங் நைஃப் அந்த வேலையைச் செய்யாது. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை இந்தச் சின்ன மேசையில் ஏற்றப் பார்க்காதீர்கள். பிளைவுட் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடலாம்.

திடமரத்துக்கு, டேபிள் சாவுக்கு முன்பே வாங்க வேண்டியது ஒரு நல்ல இழைப்புளி. கோணலான பலகை மேசையில் ஆடும், ஆடினால் வெட்டும்போது திரும்பும். ஒரு முகமும் ஒரு விளிம்பும் மட்டமான பிறகே அது சாவுக்கு வர வேண்டும். கையால் முடியாத பெரிய பலகையென்றால் அறுவை மில்லில் கொடுத்து இழைத்து வாங்குங்கள். கூலி பெரிதாக இருக்காது. அதுவும் முதல் அறுப்பிலேயே சரியான அளவுக்குப் போக வேண்டாம். அரை அங்குலம் அதிகமாக விட்டு அறுத்து, குச்சி இடைவெளி கொடுத்து நிழலில் அடுக்கி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வளைய வேண்டியது அதற்குள் வளைந்திருக்கும். அப்புறம் மறுபடி இழைப்புளி, பிறகு கடைசி அளவு.