டைப் ரேட்டிங்: படிப்பு நல்லது, விற்பனை மோசம்

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல், கைக்கு வந்ததும் வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். "எந்தக் கம்பெனி விமானம் ஓட்டப் போகிறாய்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். "இப்போதைக்கு எதையும் ஓட்ட முடியாது" என்பதுதான் உண்மையான பதில். இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து சிபிஎல் பெற்றவர், பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற, ஒரு டன்னைச் சற்றே தாண்டும் சின்ன விமானத்தில் பறந்திருப்பார். அவர் போய் உட்கார ஆசைப்படும் ஏர்பஸ் ஏ320, ஆட்களும் எரிபொருளும் நிறைந்தால் எழுபது டன்னுக்கு மேல். அதை ஓட்ட உரிமத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். ஒரு வகை விமானத்துக்கு ஒரு ரேட்டிங். ஏ320 வைத்திருப்பவர் போயிங் 737-ஐத் தொட முடியாது. அதற்கு வேறு படிப்பு, வேறு தேர்வு, வேறு கட்டணம்.

இப்படியொரு அனுமதி தேவைதானா என்று யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டு விமானிகள் இல்லாமல் ஓட்டக்கூடாத எந்த விமானத்துக்கும் இது உலகெங்கும் கட்டாயம். சர்ச்சை வேறிடத்தில் இருக்கிறது. வேலை கிடைக்காத ஒருவர், 'டைப் ரேட்டிங் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்ற விளம்பர வரியை நம்பி, சொந்தக் காசில் முன்கூட்டியே இதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? பயிற்சி என்ற அளவில் டைப் ரேட்டிங்கைப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை வேலையில்லாத இளைஞர்களிடம் சரக்காக விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் பயிற்சியைப் பார்ப்போம். இரண்டு மூன்று வாரம் வகுப்பறைப் பாடம்: ஹைட்ராலிக், மின்சாரம், எரிபொருள், விமானக் கணினிகள். பிறகு அசையாத மாதிரி காக்பிட். அதன்பின் முழு சிமுலேட்டர். விலையுயர்ந்த அந்த இயந்திரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்; இரவு இரண்டு மணி வகுப்பு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்கு வெளியேயும் படிப்பு நடக்கும். விடுதி அறைச் சுவரில் காக்பிட் படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, காகிதச் சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டு வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் கையும் வாயும் ஒன்றாய் ஓட இதைவிட மலிவான வழி கிடையாது.

சிமுலேட்டரில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். வி1 என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால் ஓடுபாதையில் நிறுத்த இடம் போதாது. ஏறித்தான் ஆக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் சரியாக அந்த நொடியில் ஒரு என்ஜினை அணைப்பார். மூக்கு அணைந்த என்ஜின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்கக் காலால் ரட்டரை அழுத்தி நேராக்க வேண்டும். அவசரப்பட்டு மூக்கைத் தூக்கக் கூடாது. உயரம் ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை மணி அலறினாலும் 400 அடி தாண்டும்வரை கோளாறுப் பட்டியலைத் திறக்கக் கூடாது. இதில் எதை ஓட்டுபவர் சொல்ல வேண்டும், எதைப் பக்கத்தில் கண்காணிப்பவர் சொல்ல வேண்டும் என்பது வார்த்தை மாறாமல் வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை பெரும்பாலோர் ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இருக்கை மாறி, அடுத்த இரண்டு மணி நேரம் கூட்டாளிக்குக் கண்காணிப்பாளராக இருக்க வேண்டும். தனியாகவோ ஆசிரியரோடோ மட்டுமே 200 மணி நேரம் பறந்தவருக்கு, இருவர் சேர்ந்து ஒரு விமானத்தை ஓட்டுவது என்றால் என்ன என்பது பல நேரம் இங்கேதான் முதன்முதலாகப் புரிகிறது. உண்மை விமானத்தில் இதையெல்லாம் சொல்லித்தர முயன்ற காலத்தில் பயிற்சியிலேயே உயிர்கள் போயின.

வகைக்கு வகை தனிப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெங்களூர் விபத்தைச் சொல்லலாம். 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி நொறுங்கியது. இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஏ320 இந்தியாவுக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஓட்டிய இருவரும் கத்துக்குட்டிகள் அல்லர். பல ஆயிரம் மணி நேரம் பறந்தவர்கள். புதிய விமானத்தில் ஒருவரை மற்றவர் சோதித்த பயணம் அது. தானியங்கி 'ஓப்பன் டிசென்ட்' என்ற நிலையில் இருந்ததால் என்ஜின்கள் மிகக் குறைந்த விசையிலேயே நின்றன. வேகம் குறைந்துகொண்டே வந்ததை உணர்ந்து விசையை முழுக்கத் தள்ளியபோது, என்ஜின் எழும்பத் தேவையான சில நொடிகள் மிச்சமில்லை.

23 ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆசியானா 214 ஏறக்குறைய அதே மாதிரி விழுந்தது. ஓட்டியவர் மொத்தம் 9,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். போயிங் 777-ல் 50 மணி நேரம்கூட ஆகவில்லை. வேகத்தைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். அவர் வைத்திருந்த நிலையில் அது பார்த்துக்கொள்ளாது. மூன்று பயணிகள் இறந்தார்கள். பழைய விமானத்தில் சேர்த்த அனுபவம் புதிய விமானத்துக்குள் அப்படியே வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்கர்கள் வேறு பாதையில் போனார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்த பிறகு, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த விமானத்தின் இரு விமானிகளும் 1,500-ஐ எப்போதோ தாண்டியவர்கள் என்பது வேடிக்கை. வேகம் போய்விட்டது என்று கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது கேப்டன் அதை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார். கோளாறு பயிற்சியில் இருந்தது, மணி நேரக் கணக்கில் அல்ல. ஆனாலும் அமெரிக்க முறையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அங்கே விமான நிறுவனம் முதலில் வேலைக்கு எடுக்கிறது; பிறகு தன் செலவில், தன் நடைமுறைப்படி, சம்பளமும் கொடுத்து டைப் ரேட்டிங் செய்விக்கிறது. நம் ஊரில் வரிசையே தலைகீழ்.

தலைகீழ் வரிசையால் என்ன நட்டம்? பணத்திலிருந்து தொடங்குவோம். சிபிஎல் முடிப்பதற்குள் ஒரு குடும்பம் சாதாரணமாக 40 லட்சத்துக்கு மேல் இறக்கியிருக்கும். டைப் ரேட்டிங்குக்கு இன்னும் 15 லட்சம், இடத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ. நிலத்தை விற்றோ வீட்டை அடமானம் வைத்தோ கட்டுகிறார்கள். அந்தப் பணம் போய்ச் சேருவது ஒரு வகை விமானத்தின்மேல் கட்டும் பந்தயத்தில். இன்று இந்தியாவில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் நூற்றுக்கணக்கில் ஏ320 குடும்ப விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதால் ஏ320 ரேட்டிங் பாதுகாப்பாகத் தெரியலாம். ஆனால் கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு முறையும் தங்கள் வகை விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். ரேட்டிங் மட்டும் வைத்திருந்த புதியவர் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. எந்த நிறுவனம் எத்தனை விமானம் வாங்கும், எப்போது மூடும் என்று கணிப்பது அந்த நிறுவனத்தின் வேலை. அந்தக் கணிப்பு பொய்த்தால் வரும் நட்டத்தை இருபத்திரண்டு வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஏன் சுமக்க வேண்டும்?

அதோடு இது வாங்கி வைத்தால் அப்படியே இருக்கும் பொருளும் அல்ல. விமான நிறுவனத்தில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை கொடுக்கிறார். வேலையில்லாதவருக்குக் காலக்கெடு மட்டும் ஓடும். புதுப்பிக்க மறுபடி காசு கட்ட வேண்டும். கையில் கற்றது காகிதத்தை விடச் சீக்கிரம் போய்விடும். ஒரு வருடம் ஓட்டாமல் இருந்துவிட்டு வி1 பாடத்துக்குப் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. நிறுவனம் பணம் கட்டும்போது, தேறாத ஆளை வடிகட்டித் தள்ளுவதில் அதற்கு அக்கறை இருக்கும். நாளை தன் பயணிகளோடு ஓட்டப் போகிறவர் அவர். மாணவரே பணம் கட்டும்போது பயிற்சி நிறுவனத்துக்கு அவர் வாடிக்கையாளர். யாரும் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோல்வி என்றால் கூடுதல் சிமுலேட்டர் நேரம், கூடுதல் கட்டணம். வெற்றி என்றால் அடுத்த வாடிக்கையாளருக்கு நல்ல விளம்பரம். 'இந்தத் தொழில் உனக்கு வேண்டாம், தம்பி' என்று சொல்ல அங்கே யாருக்கும் லாபமில்லை.

பாடத்திட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. எந்த நாளில் எந்தக் கோளாறு வரும் என்பது பெரும்பாலும் மாணவருக்குத் தெரியும். முந்தைய பேட்ச் சொல்லிவிடும். கையால் ஓட்டும் நேரம் குறைவு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் ஏர் ஃபிரான்ஸ் 447 விழுந்து 228 பேர் இறந்த பிறகுதான், உயரத்தில் தானியங்கி கைவிட்டால் விமானத்தை எப்படி மீட்பது என்பது பயிற்சியில் உரிய இடம் பெறத் தொடங்கியது. இவை திருத்தக்கூடியவை, திருத்திக்கொண்டும் வருகிறார்கள்.

டைப் ரேட்டிங் செலவு என்றால் எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதற்கு 737 மேக்ஸ் கதை போதும். பழைய 737 ஓட்டுபவர்கள் சிமுலேட்டர் பயிற்சி இல்லாமலே மேக்ஸுக்கு மாறலாம் என்பது அதன் விற்பனை வாக்குறுதி. சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகவே போயிங் ஒப்புக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்த்த, மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் எம்காஸ் (MCAS) மென்பொருள் விமானிகளின் கையேட்டில் இல்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள். பணமிருக்கும் தயாரிப்பாளரும் வாங்குபவரும் தவிர்க்கப் பார்த்த செலவை, நாம் பணமில்லாதவர் தலையில் கட்டுகிறோம்.

நிறுவனங்களின் கேடட் திட்டங்கள் கொஞ்சம் மேல். தேர்வு முதலில், பிறகு பயிற்சி, டைப் ரேட்டிங்கும் அதற்குள்ளேயே. கற்பதும் அந்த நிறுவனத்தின் நடைமுறையையே. ஆனால் மொத்தக் கட்டணம் ஒரு கோடியைத் தொடுகிறது, கையில் தரப்படுவதும் நிபந்தனையோடு கூடிய கடிதம்தான். திறமை இருந்தும் காசில்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். நிறுவனமே செலவழித்துச் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கும் பாண்ட் முறையைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் பாண்ட் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். பயிற்சிச் செலவைச் சேவையால் அடைப்பது கடனால் அடைப்பதைவிட மேல்.

வேலைக் கடிதம் இல்லாத 200 மணி நேர விமானிகளுக்கு டைப் ரேட்டிங் விற்பவர்கள், தங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்குள் காக்பிட் இருக்கை கிடைத்தது என்பதை வெளியிட வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஒரு விதி போட்டால் இந்தச் சந்தையில் பாதி அடங்கிவிடும்.

அதுவரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: உண்மை விமானத்தில் இறங்கி ஏறும் பயிற்சி இந்தக் கட்டணத்தில் அடங்குமா? தேர்வில் தவறினால் மறுமுறைக்கு எவ்வளவு? ரேட்டிங் காலாவதியானால் புதுப்பிக்க எவ்வளவு? எல்லாவற்றுக்கும் முதலாக, வேலைக் கடிதம் எங்கே? அது கையில் இல்லையென்றால் அந்த 15 லட்சத்தைத் தொடாதீர்கள். பிள்ளையை உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் எடுக்கச் சொல்லி ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கே சம்பளம் சிறிதாக இருந்தாலும் பறக்கும் மணி நேரம் கூடும், கை துருப்பிடிக்காது, கடனும் ஏறாது.