பணியில் இருப்பவருக்கு முதுநிலைப் பட்டம்: அமெரிக்க உணவியலாளர்களின் இணையவழிக் கல்வி

அமெரிக்காவில் டயட்டீஷியன் என அறியப்படும் உணவியலாளர் ‘பதிவு பெற்ற உணவியலாளர்’ என்னும் தகுதியை அடைய வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தை முடித்து, குறைந்தது 1,000 மணி நேரம் மூத்தவர்களின் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, உணவியல் பதிவு ஆணையத்தின் தேர்வில் தேறியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு முடியும் வரை இத்தேர்வை எழுத இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் முதன்முறையாகத் தேர்வுக்குத் தகுதி கோருவோருக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பே பதிவு பெற்றவர்களை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆயினும் விதி கேட்காத அந்தப் பட்டத்தை, மருத்துவமனைப் பணியையும் குடும்பத்தையும் விட்டு விலகாமல், இணையவழியில் தேடிச் செல்லும் பதிவு பெற்ற உணவியலாளர்கள் பலர் உள்ளனர்.

இந்தத் தேடலுக்கான காரணம் விதியில் இல்லை, வேலைச் சந்தையில் இருக்கிறது. இனி இத்தொழிலுக்குள் புதிதாக நுழைபவர் அனைவரும் முதுநிலைப் பட்டத்துடனேயே வருவார்கள் என்பதால், பத்தாண்டு அனுபவம் உள்ள இளநிலைப் பட்டதாரி ஒருவர், துறைத் தலைமை, கல்லூரி விரிவுரை, ஆய்வுத் திட்டப் பணி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது தம்மிடம் பயிற்சி பெற்றவரோடே போட்டியிட நேர்கிறது. அனுபவத்தைத் தாளில் காட்ட முடியாதவரின் இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தால் தேர்ந்தெடுக்கப்படும் படிப்பு, தேவையால் தேர்ந்தெடுக்கப்படும் படிப்பாக எப்போதும் அமைவதில்லை. புதியவர்களுக்கான விதியே கூட அந்த முதுநிலைப் பட்டம் ஊட்டச்சத்து இயலில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. பொதுச் சுகாதாரமோ நிருவாகவியலோ இருந்தாலும் ஏற்கப்படும். ஆகவே, ஏற்கெனவே அத்துறையில் தேர்ந்த ஒருவர் மீண்டும் அதே துறையைப் படிப்பதால் பெறுவது என்ன என்னும் வினா தவிர்க்க முடியாதது.

வசதியைப் பொறுத்தவரை இணையவழிக் கல்வியின் மேன்மையை மறுப்பதற்கில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கூட வேண்டியிராமல், பதிவு செய்த விரிவுரைகளை அவரவர் ஓய்வு நேரத்தில் கேட்டுப் படிக்கும் முறையே பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. முழு மருத்துவமனைக்கும் ஒரே உணவியலாளர் இருக்கும் சிற்றூர்களில், அவர் படிப்புக்காக ஊரை விட்டுப் போனால் அவ்விடத்தை நிரப்ப ஆளில்லை என்பதால், இம்முறை அவருக்கு மட்டுமன்றி அவ்வூருக்கும் நன்மை செய்கிறது. பணியளிப்பவர் ஓராண்டில் 5,250 டாலர் வரை வழங்கும் கல்வி உதவிக்கு வரி இல்லை. பதிவைத் தக்கவைத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை காட்ட வேண்டிய 75 தொடர்கல்வி அலகுகளும் இப்படிப்பின் வழியே எளிதில் நிறைந்துவிடுகின்றன. பருவப் பாடத்தின் ஒரு கிரெடிட் 15 அலகுகளாகக் கணக்கிடப்படுவதால், மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டை முடித்தாலே 90 அலகுகள் சேர்ந்துவிடும்.

இப்படிப்பின் உண்மையான மதிப்பு, ஆராய்ச்சி முறையியலிலும் புள்ளியியலிலும் இருக்கிறது. இளநிலைக் கல்வி எந்த உணவு எந்த நோய்க்கு ஏற்றது என்று கற்பிக்கிறது. அந்த முடிவு எப்படி எட்டப்பட்டது, எவ்வளவு உறுதியானது என்று ஆராயும் பயிற்சியை அது போதிய அளவில் தருவதில்லை. ஸ்பெயினில் இதயநோய் அபாயம் மிகுந்த 7,447 பேரிடம் நடத்தப்பட்டு, 2013இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு இதற்குத் தக்க சான்று. ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்ந்த மத்தியதரைக் கடற்பகுதி உணவு, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சுமார் 30 விழுக்காடு குறைக்கிறது என்று அது அறிவித்தது. ஆனால் அந்த 30 விழுக்காடு என்பது குழுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லப்படும் சார்பு அளவு. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 4.4 விழுக்காட்டினருக்கும், எண்ணெய்க் குழுவில் 3.8 விழுக்காட்டினருக்கும், கொட்டைக் குழுவில் 3.4 விழுக்காட்டினருக்கும் அந்நோய்கள் வந்தன என்று தனி அளவில் சொன்னால், நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குக் கிடைத்த பயனே அது என்பது விளங்கும். பின்னர், ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களில் சிலர் குலுக்கல் முறைக்கு மாறாக ஒரே குழுவில் சேர்க்கப்பட்டதும், ஓரிடத்தில் ஆட்களுக்குப் பதிலாக மருத்துவ நிலையங்களே முழுமையாகப் பிரிக்கப்பட்டதும் தெரியவந்ததால், 2018இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, மறு பகுப்பாய்வுடனும் அடக்கமான சொற்களுடனும் மீண்டும் வெளியிடப்பட்டது. முடிவின் திசை மாறவில்லை. அதன் உறுதி குறைந்தது. இந்த வேறுபாட்டைத் தாமே கண்டு, நோயாளிக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த உணவியலாளரை உருவாக்குமானால், அந்தப் படிப்பு எந்தச் செலவுக்கும் ஈடானது. விளம்பரங்களும் காணொளிகளும் நாள்தோறும் ஓர் உணவு அற்புதத்தை அறிவிக்கும் காலத்தில், இத்திறன் இத்தொழிலின் உயிர்நாடி என்றே சொல்ல வேண்டும்.

நோயாளியின் படுக்கையருகே வேண்டிய திறன்களின் கதை வேறு. ஊட்டச்சத்துக் குறைபாட்டை அறிய நெற்றிப்பொட்டு, காறையெலும்பு, தோள், தொடை முதலிய இடங்களைத் தொட்டுத் தசை இழப்பையும் கொழுப்பு இழப்பையும் மதிப்பிடும் உடற்பரிசோதனை, திரையின் வழியே முழுமையாக வசப்படுவதில்லை. சிறுநீரகம், புற்றுநோய், குழந்தை நலம் போன்ற பிரிவுகளில் ஆழம் வேண்டுவோருக்குப் பதிவு ஆணையமே சிறப்புச் சான்றிதழ் வழங்குகிறது. அப்பிரிவில் பொதுவாக 2,000 மணி நேர அனுபவமும் தேர்வும் அதற்கு வேண்டுமேயன்றி, முதுநிலைப் பட்டம் வேண்டியதில்லை. மருத்துவத் திறனை வளர்க்கவே இணையவழிப் பட்டத்தை நாடுபவர், தமக்கு ஏற்ற பாதை வேறெங்கோ இருப்பதை அறியாமலே பணத்தைச் செலவிடுகிறார்.

இதனினும் வருத்தம் தரும் குறை பாடத்திட்டங்களின் அமைப்பில் இருக்கிறது. வேறு துறையிலிருந்து புதிதாக வருபவரையும், பல்லாண்டு பணிபுரிந்தவரையும் ஒரே வகுப்பில் சேர்க்கும் திட்டங்களில், மாவுச்சத்தும் புரதமும் உடலில் செரித்து ஆற்றலாக மாறும் அடிப்படை வேதியியல் அனுபவசாலிக்கு மீண்டும் கற்பிக்கப்படுகிறது. வாரந்தோறும் ஒரு கருத்தை எழுதி இருவருக்கு மறுமொழி தரும் கட்டாயப் பணி, உரையாடலுக்குப் பதிலாக வருகைப் பதிவாகச் சுருங்கிவிடுகிறது. பணியிலிருக்கும் மாணவரிடம் முழுநேர மாணவருக்கு வாய்க்காத ஒரு செல்வம் உண்டு: குழாய்வழி உணவு எத்தனை நோயாளிகளுக்குத் திட்டமிட்ட அளவில் சென்றது, எதனால் தடைப்பட்டது என்பன போன்ற அன்றாடத் தரவுகள் அவர் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஆராயச் செய்வதை விட்டு, நூலகத்தில் கிடைக்கும் கட்டுரைகளைத் தொகுத்து எழுதும் இறுதித் திட்டத்தோடு பட்டம் வழங்கிவிடுவது, இணையவழிக் கல்விக்கே உரிய தலையாய வாய்ப்பை வீணாக்குவதாகும்.

செலவையும் பேசாமல் விட முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் 2023 மே மாதக் கணக்குப்படி உணவியலாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 69,700 டாலர். பட்டம் பெற்றதும் அதே பதவியில் ஊதியம் உயரும் என்பதற்கு உறுதியில்லை. இணையவழிப் படிப்பு இடமாற்றச் செலவையும் ஊதிய இழப்பையும் தவிர்க்கிறதே தவிர, கல்விக் கட்டணத்தைத் தானாகக் குறைத்துவிடுவதில்லை. பெரும்பான்மையும் வெள்ளையினப் பெண்களே உள்ள இத்தொழிலில், கடன் சுமையோடு நுழைந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க உணவியலாளர்கள்மீது இந்த எழுதப்படாத எதிர்பார்ப்பு கூடுதலாக அழுத்துகிறது.

எனவே, சேர விரும்புபவர் விளம்பரத்தில் காணும் தரவரிசையை விட, பதிவு பெற்றவர்களுக்கெனத் தனிப் பாடவரிசை உண்டா, அடிப்படைப் பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்குமா, புள்ளியியலைக் கற்பிப்பவர் யார், தம் மருத்துவமனைத் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்த வழியுண்டா என்பவற்றைக் கேட்டறிவது பயன் தரும். டயாலிசிஸ் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி அங்கேயே தொடர விரும்புபவருக்குச் சிறப்புச் சான்றிதழ் முதலிலும் பட்டம் பிறகும் வருவதே பொருத்தம். ஆய்வுக்கோ கற்பித்தலுக்கோ செல்ல விரும்புபவருக்கு அந்த வரிசை தலைகீழாகும்.