பயனர் நிரலிலிருந்து வன்பொருளை நேரடியாக அணுகுதல்: ஒரு விமர்சனம்

பல செயலிகளில் வன்பொருளின் பதிவகங்களுக்கும் நினைவகத்தைப் போலவே முகவரி உண்டு. அந்த முகவரியில் உரிய மதிப்பை எழுதினால் விளக்கு எரியும், மோட்டார் சுழலும். லினக்சில் 'டெவ்-மெம்' என்னும் சாதனக் கோப்பைத் திறந்து, 'எம்மேப்' அழைப்பின் வழியாக இம்முகவரிகளைப் பயனர் நிரலுக்குள் கொண்டுவரலாம். சில வரி சி நிரலே போதும் என்பதால் பயிற்சிப் பாடங்கள் பலவும் இதை விரும்பிக் கற்பிக்கின்றன. இம்முறை எங்கே பொருந்தாது என்பதையும் அவை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் இ-வகுப்பு சிறிய உட்பொதி கருவிகளுக்கானது. இயக்குதளம் இல்லாமல் ஒரே நிரல் ஓடும் பலகையில் பதிவகத்தில் நேரடியாக எழுதுவதே முறை. சி-வகுப்பு லினக்சை இயக்க வல்லது. அங்கே அதே வரி பிழையாகிவிடும்.

காரணம் என்ன? நிரல் பதிவகத்தின் மதிப்பைப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, மீண்டும் எழுதுகிறது. இடையில் கருனியின் இயக்கி வேறொரு பிட்டை மாற்றியிருந்தால் அம்மாற்றம் அழிந்துவிடும். கச்சிராயபாளையம் அருகேயுள்ள கோமுகி அணையின் மதகைப் பாசனம் பெறும் ஒவ்வொருவரும் தாமே ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்? கருனியின் வேலை மதகுக் காவலரின் வேலை.

முகவரிகளும் நிலையானவை அல்ல. முதல் ராஸ்பெரி பையில் புறச்சாதனங்களின் தொடக்க முகவரி பதினாறடிமானத்தில் 20000000. இரண்டாம் தலைமுறையில் அது மாறியது, நான்காம் தலைமுறையில் மீண்டும் மாறியது. பழைய முகவரியை நிரலில் எழுதிவைத்தவர், புதிய பலகையில் தொடர்பற்ற இடத்தில் எழுதுகிறார்.

பாதுகாப்புக் கேடு இன்னும் பெரிது. 2012 டிசம்பரில், எக்சினோஸ் செயலி கொண்ட சில சாம்சங் கைப்பேசிகளில் நினைவகத்தை அணுகும் சாதனக் கோப்பு எல்லாச் செயலிகளுக்கும் திறந்திருந்தது தெரியவந்தது. எந்தச் செயலியும் அதன் வழியே ரூட் அதிகாரம் பெற முடிந்தது.

மாற்று வழிகள் உள்ளன. 2007 முதல் லினக்சில் உள்ள 'யுஐஓ' அமைப்பு, ஒரு சாதனத்தின் பகுதியை மட்டும் பயனர் நிரலுக்குத் தந்து, குறுக்கீடுகளையும் தெரிவிக்கிறது. ஜிபிஐஓ முனைகளுக்கு 2016 முதல் தனி இடைமுகம் உண்டு. பதிவகம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளவும், புதிய பலகையைச் சோதிக்கவும் 'டெவ்-மெம்' உதவும். பிறர் பயன்படுத்தப்போகும் நிரலில் அதை விடக் கூடாது. பாடங்கள் இந்த எல்லையையும் முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும்.