ஹெட்ஃபோனுக்கு எத்தனை வாட் போதும்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உட்கார்ந்துகொண்டு அரை லட்சம் ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோனை வரவழைப்பவர்கள் இப்போது உண்டு. பெட்டி வந்த மறுநாளே அவர்களுக்கு அடுத்த கேள்வி வந்துவிடும்: இதற்கென்று மேசையில் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டாமா? இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களைக் கேட்டால் கட்டாயம் வேண்டும் என்பார்கள். எதை வாங்குவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒன்று 'வார்ம்' ஆக ஒலிக்குமாம், இன்னொன்றில் வாத்தியங்கள் விலகி விலகி நிற்குமாம், மூன்றாவது அந்த ஹெட்ஃபோனுக்கென்றே பிறந்ததாம். இந்த ஜோடிப் பொருத்தம் பார்க்கும் வழக்கத்தில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் செலவு வைக்கிறது.

பெருநகரத்துக்காரர் கடையில் மாட்டிக் கேட்டுவிட்டு வாங்கலாம், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று இங்கே சிலர் வருந்துகிறார்கள். வருந்த அவ்வளவு காரணம் இல்லை. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், அது சத்தம் கூடியதாகக் காதுக்குத் தெரியாது, தரம் கூடியதாகத் தெரியும். முறையாகச் சோதிப்பவர்கள் இரண்டின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்துத்தான் ஒப்பிடுவார்கள். கடைகளில் அதற்கு ஏது நேரம்? அளவை எண்களைப் பார்த்து வாங்குகிறவர், கடையில் ஐந்து நிமிடம் கேட்டு மயங்கியவரைவிட நல்ல தேர்வு செய்ய வாய்ப்பு அதிகம்.

எண்களைப் பார்த்துப் பொருத்துவது இந்த ஊர்களுக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கோ ஆடிப்பூரத் தேருக்கோ தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற மைக் செட்காரரைப் பாருங்கள். அவருடைய அஹூஜா ஆம்ப்ளிஃபையரின் முதுகில் 4, 8, 16 ஓம் என்றும், 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் தனித்தனி முனைகள் இருக்கும். பக்கத்திலேயே கட்டும் ஸ்பீக்கருக்கு ஓம் முனை. நாலு தெரு தாண்டி ஒயர் இழுப்பதாக இருந்தால் 100 வோல்ட் முனை. வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், நீளமான மெல்லிய ஒயரில் சக்தி வீணாகாது. 30 வாட் யூனிட் நான்கு கட்டினால் 120 வாட், ஆம்ப்ளிஃபையர் அதற்குக் குறையக் கூடாது. அவர் முதலில் பார்ப்பது சுமையை. ஆம்ப்ளிஃபையரின் குணநலன்கள் பற்றிப் பேச்சே வராது. ஹெட்ஃபோன் வாங்குகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்.

சுமையைக் கணக்கிட இரண்டு எண்கள் போதும். ஒன்று இம்பீடன்ஸ், ஓமில். மற்றொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட்டுக்கோ ஒரு வோல்ட்டுக்கோ எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. இசையின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொட இடம் இருந்தால் எந்தப் பாட்டுக்கும் தாராளம் என்று வைத்துக்கொள்வோம். 2003-ல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் ஹெச்.டி. 650, 300 ஓம் கொண்டது. ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் என்கிறது நிறுவனம். 110-ஐத் தொட இன்னும் 7 டெசிபல் வேண்டும், அதாவது சுமார் 2.2 வோல்ட். மில்லிவாட்டில் சொன்னால் பதினேழுக்கும் குறைவு. போனின் யுஎஸ்பி துளையில் செருகும், ஒரு வோல்ட் தரும் சின்ன டாங்கிளில் 103 வரை வந்துவிடும். இன்றைய சினிமாப் பாடல்கள் சத்தத்தைத் தூக்கிவைத்தே வெளியாகின்றன, அவற்றுக்கு அது போதும். தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிக்கோ மேற்கத்திய சிம்பொனிக்கோ போதாமல் போகலாம். ஆகவே இந்த ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபையர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எளிய ஒன்றே போதும்.

இப்போது ஆடிஸி எல்.சி.டி.-எக்ஸ். விலை பல மடங்கு. 20 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 103 டெசிபல். கணக்கிட்டால் 110 டெசிபலுக்கு 5 மில்லிவாட், அதாவது வெறும் 0.32 வோல்ட். இவ்வளவு விலையுள்ள ஹெட்ஃபோனைச் சத்தத்தைப் பொறுத்தவரை ஒரு டாங்கிளே சமாளித்துவிடும்! மறுகோடியில் நிற்பது ஹைஃபைமேன் சுஸ்வாரா: 60 ஓம், மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். அதற்கு 500 மில்லிவாட் தேவை, சுமார் 5.5 வோல்ட்டும் 90 மில்லிஆம்பியரும். இதை வாங்கியவர் ஆம்ப்ளிஃபையர் தேடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. விலை உயர உயர ஆம்ப்ளிஃபையரும் பெரிதாக வேண்டும் என்ற எண்ணம் இந்த மூன்று உதாரணங்களிலேயே உடைந்துவிடுகிறது. ஆனாலும் ஹெட்ஃபோன் விலையில் பாதியையாவது ஆம்ப்ளிஃபையருக்கு ஒதுக்கு என்ற உபதேசம் ஓயவில்லை. யார் கணக்கு அது என்று கேட்டால் பதில் வராது.

பொருத்தம் என்று சொல்வதில் உண்மையான பாதி, வெளியீட்டு இம்பீடன்ஸ். ஆம்ப்ளிஃபையரின் உள்ளேயும் ஒரு தடை இருக்கிறது. ஹெட்ஃபோனும் அந்தத் தடையும் வோல்ட்டேஜைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஹெச்.டி. 650-ன் 300 ஓம் என்பது எல்லாச் சுரங்களிலும் 300 அல்ல. கீழ்ப் பகுதியில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் தடையுள்ள ஆம்ப்ளிஃபையரில் செருகினால் அந்த இடத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு டெசிபல் எழும்பும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் சற்றே பருத்துக் கேட்கும். இது கற்பனை அல்ல, அளந்து காட்டக்கூடியது. 120 ஓம் என்பது எங்கிருந்தோ வந்த எண்ணும் அல்ல. ஐ.இ.சி. 61938 என்ற சர்வதேசத் தரநிலை ஹெட்ஃபோன் வெளியீட்டுக்குப் பரிந்துரைத்தது அதைத்தான். எல்.சி.டி.-எக்ஸ் போன்ற பிளானர் ஹெட்ஃபோன்களின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே மட்டமாக ஓடுவதால் அங்கே ஒலியின் சாயல் மாறாது. ஆனால் 20 ஓம் சுமைக்கு முன்னால் 120 ஓம் தடை நின்றால் சக்தியின் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே கரையும். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாத வெளியீட்டுத் தடை என்ற விதி இதற்காகத்தான்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் மீதுள்ள மோகத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. பாட்டில்ஹெட் கிராக் என்ற, நாமே கோத்துக்கொள்ளும் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஹெச்.டி. 650-க்குச் சரியான ஜோடி என்று கொண்டாடுவார்கள். அதன் வெளியீட்டுத் தடை சுமார் 120 ஓம். கேட்பவர் சொல்லும் 'வார்ம்' பெரும்பாலும் அந்த ஒரு டெசிபலும் வால்வு தானாகச் சேர்க்கும் கொஞ்சம் சிதைவும்தான். பிடித்திருந்தால் வாங்கலாம், தப்பே இல்லை. கணினியில் இலவச ஈக்வலைசரிலும் அந்த ஒரு டெசிபலைக் கூட்டலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அதில் இருக்கும் 6080 வால்வின் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட 16 வாட் வெறும் சூடாகப் போகும். சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், கைக்கெட்டும் தூரத்தில் அதை எரியவிட ரசனையோடு பொறுமையும் வேண்டும்.

எண்களை நம்பு என்று சொல்லும் எதிர்த் தரப்பும் ஓர் இடத்தில் வழி தவறியிருக்கிறது. 2011-ல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒருவர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். விலை குறைவு, அளவீடுகள் துல்லியம். மறு வருடமே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார், பெயர் வெளிவரவே இல்லை. அவர் செய்தது பெரிய நன்மை. அதற்குப் பிறகு மலிவு விலையில் சுத்தமான ஆம்ப்ளிஃபையர் என்பது சாதாரணமாகிவிட்டது. ஜேடிஎஸ் லேப்ஸ், டாப்பிங் போன்ற நிறுவனங்களின் எளிய மாடல்களே 32 ஓமில் ஒரு வாட்டும் அதற்கு மேலும் தருகின்றன. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள், இரைச்சலும் சிதைவும் இசைக்கு எத்தனை டெசிபல் கீழே என்பதை வைத்து, 110 டெசிபல் சுத்தத்தைவிட 120 மேல், அதைவிட 125 மேல் என்று தரவரிசை போட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கடைசிப் பத்து டெசிபலை ராஜபாளையத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே சீலிங் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மாதங்கள் எத்தனை? பின்புறம் திறந்த ஹெட்ஃபோனுக்குள் ஃபேன் சத்தம் தடையில்லாமல் நுழையும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு நேரத்தில் அரசு விதித்த ஒலி வரம்பே 45 டெசிபல். மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவை ஒலிபெருக்கியில் எழும்போது, அது எந்த ஆம்ப்ளிஃபையரையும் மீறி உள்ளே வரும். (வரட்டும், ஆண்டாள் பிறந்த ஊரில் அதைக் குறை சொல்ல மாட்டேன்.) கேட்கும் பாட்டையும் பாருங்கள். இளையராஜாவின் எண்பதுகள் காந்த நாடாவில் பதிவானவை. நாடாவின் இரைச்சலே இசைக்கு 60, 70 டெசிபல் கீழே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே இன்னொரு 50 டெசிபல் சுத்தத்துக்குப் பணம் கொடுப்பது வீண். நல்ல ஹெட்ஃபோன் நாடாவின் இரைச்சலைத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

தரவரிசையில் இடம்பெறாத, ஆனால் இந்த ஊர்களில் உண்மையிலேயே தொல்லை தருவது மின்சாரம். பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்விட்ச்சிங் அடாப்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று ஏறும். கணினியோடு யுஎஸ்பியில் இணைத்தால் ஒரு 'ஹம்'மும் சேரலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் போகும் நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும் பட்சத்தில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் வண்டுபோல ரீங்கரிக்கும். போன் பேட்டரியில் ஓடும் டாங்கிளுக்கு இந்த நோய்கள் எதுவும் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையருக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுவது ஒலிக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வால்யூம் குமிழைக் குறைவாக வைத்தால் இடக் காதில் சத்தம் கூடி வலக் காதில் குறைவது, சுவிட்ச் போடும்போது 'டப்' என்று அடிப்பது, கெயின், அதாவது பெருக்கும் அளவு, அதிகமாகி இயர்ஃபோனில் 'ஸ்ஸ்' கேட்பது, இவையெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. பயன்படுத்தினால்தான் தெரியும். கெயின் சுவிட்ச் உள்ளதை வாங்குவது இவற்றில் பாதியைத் தவிர்க்கும்.

இன்னொன்றைப் பேசாமல் விட முடியாது. ஒரு வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரில் எல்.சி.டி.-எக்ஸ் 130 டெசிபலைத் தாண்டும், குமிழ் கை தவறினால் போதும். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் ஸ்பின்னிங் சத்தத்தோடு வாழ்ந்த ஊர் இது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 90 டெசிபல். ஷிப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளியின் காது அன்றைய பங்கை ஏற்கெனவே செலவழித்திருக்கும். அவருக்கு ஆம்ப்ளிஃபையரைவிட ஓய்வுதான் முதல் தேவை.

என் தீர்ப்பு இது. பணம் முதலில் ஹெட்ஃபோனுக்குப் போகட்டும். ஒரு ஹெட்ஃபோனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பல டெசிபல், ஒழுங்கான இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையே அது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கணக்கு டாங்கிள் போதும் என்றால் டாங்கிள். போதாது என்றால் வெளியீட்டுத் தடை 2 ஓமுக்குள் இருக்கும் எளிய ஆம்ப்ளிஃபையர். சுஸ்வாரா ரகத்துக்கு மட்டும் வாட்டைத் தேடுங்கள். வால்வு வேண்டுமென்றால் அழகுக்காகவும் ஆசைக்காகவும் என்று மனதறிந்து வாங்குங்கள்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நம் ஊர்களுக்கு அனுப்பி விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'வார்ம்', 'பிரம்மாண்டம்' என்று எழுதும் இடத்தில் 32 ஓமுக்கும் 300 ஓமுக்கும் எத்தனை மில்லிவாட், வெளியீட்டு இம்பீடன்ஸ் எத்தனை ஓம் என்று மூன்று எண்களை அச்சிடுங்கள். கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப இரண்டு வாரம் அவகாசமும் கொடுங்கள்.