மழைத் தக்காளிக்கு மோர் போதுமா?

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் தெளிச்சியாக நிற்கும். புறவாசல் தக்காளிதான் சுணங்கும். நாலு நாள் தூறல் விடாமல் இருந்தால் அடியிலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, மெல்ல மேலேறும். யாரைக் கேட்டாலும் வருகிற யோசனை ஒன்றுதான்: "புளிச்ச மோரைக் கலந்து அடிச்சு விடுங்க, சரியாப் போயிரும்." இயற்கை வேளாண்மை பரவியபின் தேமோர், அரப்புமோர் என்று கரைசல்களும் பெருகி, மோருக்கு மதிப்பு கூடிவிட்டது. மோர் வீட்டில் இருக்கிற பண்டம், செலவு கிடையாது, இன்று தெளித்துவிட்டு நாளைக்கே பழத்தைப் பறித்துக் குழம்பில் போடலாம். இவை சின்ன அனுகூலங்கள் அல்ல. ஆனாலும் மழைக்கால இலைக்கருகலுக்கு மோர் மருந்தாகுமா என்றால், பெரும்பாலும் ஆகாது என்பதே என் கணிப்பு.

பாலுக்கு நோய் தடுக்கும் குணம் உண்டு என்பது வெறும் நம்பிக்கையல்ல. பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் சீமைச் சுரைக்காய்ச் செடியில் பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து, சாம்பல் நோய் கட்டுப்பட்டதை 1999-இல் வெளியிட்டார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சை இலையின் மேற்பரப்பில் மாவு தூவியதுபோல் படர்வது. தெளித்தது அதன் மேலேயே படும். அது முளைக்க இலை நனைந்திருக்கவும் வேண்டாம். அடைமழை அதற்கு ஒத்தும் வராது. தக்காளியின் இலைக்கருகலைக் கொண்டுவரும் ஆல்டர்னேரியா இதற்கு நேர்மாறு. ஈரம் காயாத இலையில் முளைத்து, திசுவுக்குள் இறங்கிவிடும். 24 முதல் 29 டிகிரி வெப்பம் அதற்குத் தோது. நம் கடலோரத்து ஐப்பசி, கார்த்திகை அதை அப்படியே தருகிறது. உள்ளே போனதை மேலே அடித்த மோர் எட்டாது. அடித்ததும் அடுத்த மழையில் கழுவிப் போய்விடும். அந்திநேரத்தில் அடித்தால், இலை விடியவிடிய ஈரமாக இருப்பதற்கு நாமே வழிசெய்ததாகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புள்ளி எதுவானாலும் கைவைத்தியம் ஒன்றே என்பதால், யாரும் இலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விரல்நக அளவில், வளையத்துக்குள் வளையமாக, சுற்றிலும் மஞ்சள் ஓடியிருந்தால் அது ஆல்டர்னேரியா. மிளகைவிடச் சின்னதாக, நடுவில் சாம்பல் நிறமும் அதில் ஊசிமுனை போன்ற கரும்புள்ளிகளும் தெரிந்தால் செப்டோரியா. நீர்க்கசிவோடு கறுத்த சிறு பொட்டுகள் பாக்டீரியா வேலை. பூஞ்சை மருந்து பலவற்றுக்கும் அது கேட்காது. இலை சுருண்டு குறுகினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்குவதுதான் மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. இந்த நாலுக்கும் மோரையே அடித்துக் காத்திருந்தால் வைரஸ் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

மழைக்கு நிற்கிற மருந்து வேண்டுமென்றால் பழைய போர்டோ கலவையைச் சொல்லலாம். இதன் கதையும் இடம் மாறிய வைத்தியம்தான். பிரான்சில் சாலையோரத் திராட்சையைத் திருடர் பறிக்காதிருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் நோய் குறைவாக இருந்ததை 1882-இல் கண்ட மில்லார்டே என்ற ஆய்வாளர், சோதித்துப் பார்த்து 1885-இல்தான் ஊருக்குச் சொன்னார். மோருக்கு மழைத் தக்காளியில் அந்தப் பொறுமையான சோதனையை நாம் வைக்கவில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ; பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். நாலைந்து செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துப் பத்து கிராம் போதும். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு பற்றவில்லை. அப்படியே அடித்தால் இலை வெந்துபோகும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டியது, வைத்திருக்கக் கூடாது. இதிலும் குறை இல்லாமல் இல்லை: வருடா வருடம் அடித்தால் செம்பு மண்ணிலேயே தங்கும், பழத்தைக் கழுவாமல் தின்ன முடியாது. இதுவும் வருமுன் தடுப்பதே. வந்த புள்ளியை ஆற்றாது. கடையில் எடுத்துக் கொடுக்கும் மேன்கோசெப் மழைநாளில் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் உடல்நலக் காரணங்களைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. வீட்டுச் சமையலுக்கு வளர்க்கிற நாலு செடிக்கு அது எதற்கு?

தெளிப்பான் ஏந்துவதற்கு முன்பே செய்ய வேண்டியவைதான் பாதி வைத்தியம். மண்ணிலும் பழைய சருகிலும் தங்கிய நோய்வித்து மழைத்துளி தெறித்து அடியிலைக்கு ஏறுகிறது. அதனால் தூரில் வைக்கோலோ காய்ந்த சோளத்தட்டையோ பரப்ப வேண்டும், அடியிலிருந்து முக்கால் அடி உயரத்துக்கு இலையைக் கிள்ளிவிட வேண்டும், செடியைக் குச்சியில் தூக்கிக் கட்ட வேண்டும். நனைந்த செடியில் மட்டும் கைவைக்கக் கூடாது. கை வழியாகவும் நோய் பரவும். கிள்ளிய இலையை உரக்குழியில் போடாமல் எரிப்பது நல்லது. கரிசல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண். மேட்டுப்பாத்தி இல்லாவிட்டால் வேர் அழுகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது போன்ற மழைக்கு இதுவும் தாங்காதுதான். அப்போது இலையைப் பற்றிப் பேசவே இடமில்லை.

மோரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மழை ஓய்ந்து தையில் பனி விழும்போது, பூசணி, வெண்டை இலைகளில் வெள்ளை மாவாகச் சாம்பல் நோய் படியும். அங்கே ஒரு பங்கு மோருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, காலை வெயில் ஏறும் நேரத்தில் அடித்துப் பார்க்கலாம். வாளியில் மிஞ்சினால் கருவேப்பிலைத் தூரில் ஊற்றிவிடலாம்.