மரவள்ளிப் பாத்தியில் ஒரு கிலுகிலுப்பை

இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டங்களில், மழை விட்ட இரவுகளில், லயத்துக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தியிலிருந்து ஒரு கிலுகிலுப்பைச் சத்தம் வரும். முள்ளம்பன்றி. அதன் வால்நுனி முட்கள் உள்ளே வெறுங்கூடு. உதறினால் காய்ந்த நெற்றைப் போல ஒலிக்கும். கிட்ட வராதே என்று சொல்லிவிட்டுத்தான் அது சண்டைக்கே நிற்கும். அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். முள்ளை எய்யும் என்பார்கள்; எய்வதில்லை. முதுகைக் காட்டிப் பின்பக்கமாகப் பாயும், குத்திய முள் எதிரியின் தோலில் தங்கிவிடும்.

விடிந்ததும் பாத்தியோரம் உதிர்ந்து கிடக்கும் முள் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், கடைந்தெடுத்தது போன்ற வழவழப்பு, கனமே இல்லை. குட்டி பிறக்கும்போது இதே முள் மெத்தென்றிருக்கும். காற்றுப்பட்டு மெல்ல இறுகும். பொந்து வாசலில் சில வேளை எலும்புத் துண்டும் கிடக்கும். இறைச்சி ஆசையால் இல்லை, சுண்ணாம்புச் சத்துக்காகப் பொறுமையாகக் கொறித்தது. சிற்றுளி ஓடியது போல ஒழுங்கான பல்தடம். பாத்தியைத் தோண்டி அது தின்ற மரவள்ளிக் கிழங்கு போனதில் வருத்தம்தான். ஆனாலும் அந்த முள்ளைக் கூரை இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன்.